பிடுங்கிய இருபது செடிகள்

எங்கள் குடும்பத்தில் அச்சேறிய ஒரே உறுப்பு என் வலது கை. முகம் இல்லை, பெயர் இல்லை. மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை மட்டும், ஒரு பயறுச் செடியின் வேரை ஏந்தியபடி, களைக்கொல்லி பற்றிய துண்டுப்பிரசுரத்தின் முகப்பில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா அதன் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படியைக் கொண்டுவந்து, நான் வேர் கழுவும் தொட்டியின் விளிம்பில், ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

"இந்தத் தடவை முப்பதாயிரம் பிரதி. பயறு போடற எல்லாருக்கும் போகுது. கை போட்டோவை மாத்தலாமான்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். உள்ள இருக்கற எண்ணையெல்லாம் உங்க நோட்டோட ஒருதடவை ஒத்துப் பார்த்துட்டு, கீழ கையெழுத்து போட்டுக் குடுங்க. திங்கக்கிழமை அச்சுக்குப் போகணும்."

ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சரிம்மா என்றேன். எண்கள் நோட்டோடு ஒத்துத்தான் போகும். நோட்டில் இருந்ததுதான் அச்சில் வந்திருக்கிறது, அதில் ஒரு பிசகும் இருக்காது. பிசகு நோட்டுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. அது எனக்கு மட்டும் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும்.

அன்று மத்தியானமே அக்கா மூன்று படங்கள் அனுப்பியிருந்தாள். அவளுடைய பயறு வயல். முதல் படத்தில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. வேறு யாராவது பார்த்தால் என்ன குறை என்று கேட்பார்கள். இரண்டாவது படத்தில் அவள் ஒரு செடியைப் பிரித்துக் காட்டியிருந்தாள். இந்நேரம் கொத்துக் கொத்தாகத் தொங்கவேண்டிய இடத்தில் இரண்டு மூன்று காய்கள், அவையும் சூம்பியிருந்தன. மூன்றாவது படம் ஒரு பிளாஸ்டிக் அளவுக் கோப்பை. கீழே எழுதியிருந்தாள்: "மருந்தை நான்தான் தப்பா கலந்துட்டேன் போல. ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கறியா. மாமாவுக்கு நான் கூப்பிட்டேன்னு தெரியவேண்டாம், சும்மா வந்த மாதிரி வா."

கோப்பையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அளவுக் கோட்டின் மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்திருந்தாள், கண்ணுக்குத் தப்பிவிடக்கூடாது என்று. கோணாத, ஒல்லியான கோடு.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பயிராராய்ச்சிப் பண்ணையில் உதவியாளன். அங்கே என்னை வேர்க்காரர் என்று கூப்பிடுவார்கள். பட்டம் மாதிரி கேட்டாலும் வேலை என்னவோ மண் கழுவுவதுதான். டாக்டரம்மா வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பயிரின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று படித்துப் பட்டம் வாங்கியவர். இது தெரிந்தும் எங்கள் காவலாளி முழங்கால் வலிக்கு அவரிடம் மாத்திரை கேட்காத மாதம் கிடையாது. அவரும் சளைக்காமல், "உங்களுக்கு வேர் இருந்தா பார்க்கலாம்" என்பார்.

பயறு வகைச் செடிகளின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். கடுகளவு, மிளகளவு. அதற்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், செடி பதிலுக்கு அவற்றுக்குச் சாப்பாடு போடும். முடிச்சை பிளேடால் இரண்டாக வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கலந்த மாதிரி இருக்கவேண்டும். அப்படியிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் குடியிருப்பு இருக்கிறது, அடுப்பு எரியவில்லை. களைக்கொல்லி அடித்தால் பயறுச் செடி நாலைந்து நாள் வெளுத்து, வளராமல் நிற்கும். பிறகு இலை தேறிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டரம்மா எனக்குச் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "இலை தேறினதைப் பார்த்து எல்லாரும் நிம்மதியாயிடுவாங்க. வேர் என்ன பாடு படுதுன்னு யாரும் பார்க்கறதில்ல. அதுக்குத்தான் நீங்க."

அதற்குத்தான் நான்.

இரண்டு வருஷம் முன்னால் நடந்த களைக்கொல்லிச் சோதனையில் பதினாறு பாத்திகள். நான்கில் மருந்து பாதி அளவு, நான்கில் சரியான அளவு, நான்கில் இரட்டை அளவு, மிச்சம் நான்கில் மருந்தே இல்லாமல் கையால் களையெடுத்தது. பூக்கும் சமயத்தில் பாத்திக்கு ஐந்து செடிகளை எடுத்து முடிச்சுகளை எண்ணவேண்டும். எடுப்பது என்றால் பிடுங்குவது இல்லை. செடியைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, சல்லடைக்கு மேல் மெல்லக் கழுவவேண்டும். கையில் வரும் வேரைவிடச் சல்லடையில் நிற்கும் துணுக்குகளில்தான் பாதி முடிச்சு இருக்கும். மெல்லிய பக்கவேர்கள் தொட்டாலே அறுந்துபோகும். ஒரு செடிக்கு ஐந்தாறு நிமிஷம் பிடிக்கும். எண்பது செடிகள்.

காலையில் இரட்டை அளவுப் பாத்திகளில் ஆரம்பித்தேன். மத்தியானம் வரை அறுபது செடிகளை ஒழுங்காகத் தோண்டினேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்லமுடியும். கையால் களையெடுத்த நான்கு பாத்திகள் மிச்சம். வெயிலில் மண் ஓடு மாதிரி இறுகியிருந்தது, மண்வெட்டி பட்டுத் தெறித்தது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. இதெல்லாம் உண்மைதான், ஆனால் காரணம் இது இல்லை. அன்று மூன்று மணிக்கு எங்கள் அலுவலகத்துத் தலைமை எழுத்தர் ஓய்வுபெறும் கூட்டம். எல்லாரையும் நிற்கவைத்து ஒரு குழுப்படம் எடுக்கப்போவதாகவும், அதைப் பெரிதாகச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்போவதாகவும் சொல்லியிருந்தார்கள். பதினான்கு வருஷமாக அந்தப் பண்ணையில் இருக்கிறேன். வரவேற்பறைச் சுவரில் ஓட்டுநர்கூட இருக்கிறார், நான் இல்லை.

மணி இரண்டரை. கையால் களையெடுத்த பாத்திதானே, மருந்தே படாதது, அது எப்படியும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இந்த நினைப்பைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்கமுடியவில்லை. மற்ற எல்லாப் பாத்திகளையும் எதோடு ஒப்பிடவேண்டுமோ, அதையே கவனிக்காமல் விட்டேன். ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன். அடித்தண்டைப் பிடித்து இழுத்தேன். வந்தது. மண்ணுக்குள் பட்பட்டென்று நூல் அறுகிற மாதிரி ஒரு சத்தம், கையிலும் அது தெரிந்தது. இருபது செடிகளைப் பதினைந்து நிமிஷத்தில் பிடுங்கிப் பைகளில் போட்டு, முகம் கழுவி, தலைவாரி, படத்தில் போய் நின்றேன்.

அந்தப் படம் இப்போதும் வரவேற்பறையில் இருக்கிறது. எனக்கு முன்னால் நின்றவர் கடைசி நிமிஷத்தில் தலையைத் திருப்பியதில் என் முகம் மறைந்துவிட்டது. ஒரு காதும் கொஞ்சம் முடியும் தெரியும். காது என்னுடையதுதான் என்று நான் சொன்னால்தான் தெரியும்.

மறுநாள் எண்ணினேன். பாதி அளவு மருந்துப் பாத்தியில் செடிக்குப் பதினேழு முடிச்சு. சரியான அளவில் பதினைந்து. இரட்டை அளவில் பதினொன்று. மருந்தே படாத பாத்தியில் பதினாறு. பதினாறு என்று எழுதியபோது பேனா கொஞ்சம் நின்றது. வழக்கமாக முப்பதுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. சும்மா சில முடிச்சுகளை வெட்டியும் பார்த்தேன். மருந்துப் பாத்தி முடிச்சுகள் உள்ளே வெளிறிக் கிடந்தன. பிடுங்கிய செடியில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சமோ நல்ல சிவப்பு. என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அட்டவணையில் நிறத்துக்குக் கட்டம் இல்லை, எண்ணிக்கைக்குத்தான் இருந்தது. கட்டத்தை நிரப்பிவிட்டு நோட்டை மூடினேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டரம்மா அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அதற்குள் பாத்திகளில் பூவெல்லாம் உதிர்ந்து பருவம் தாண்டிவிட்டது. திரும்பத் தோண்டினாலும் பயன் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு வருஷத்து உழைப்பு, அவருடையதும் சேர்த்து, வீண். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். "கைக்களை பாத்தியில இவ்வளவு கம்மியா இருக்கே. எல்லாமே தோண்டித்தானே எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

வாய் கூசவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் என்னை ஒரு நொடி பார்த்தார், தலையாட்டினார், அடுத்த பக்கத்தைத் திருப்பினார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பருவம் காய் முற்றும் நேரத்தில் விடாமல் பெய்த மழையில் விளைச்சல் எல்லாப் பாத்தியிலும் ஒன்றுபோலக் கெட்டது. நம்பி எழுத மிஞ்சியது என் முடிச்சுக் கணக்குதான். பிரசுரத்தில் அது ஒரே வரியாக வந்தது: "பரிந்துரைத்த அளவில் தெளித்தால் வேர்முடிச்சுகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை." முகப்புக்குப் படம் வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு செடியைப் பொறுமையாக, பத்து நிமிஷம் எடுத்துத் தோண்டினேன். ஒரு முடிச்சுகூட உதிரவில்லை.

சாம்பல் நிறத்தில் பாதி கறுத்த என் கட்டைவிரல் நகத்தை வைத்து அக்கா அந்தக் கையைக் கண்டுபிடித்துவிட்டாள். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது, கதவைச் சாத்தியது அவள்தான். "என் தம்பி கைதான், இது நான் போட்ட கறுப்பு" என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் காட்டினாளாம். பிரசுரத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள். அக்காவுக்கு என்னைவிட ஐந்து வயது அதிகம். குத்தவைத்துக் களையெடுத்தே முட்டியும் முதுகும் தேய்ந்தவள். மருந்து என்றாலே பயம் அவளுக்கு. இந்தப் பருவ ஆரம்பத்தில் போன் செய்தாள்.

"இந்த வருஷம் என்னால உட்கார்ந்து களையெடுக்க முடியாதுடா. அந்த மருந்தை அடிக்கலாமா?"

அப்போது நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். வசதியாகப் போயிற்று. "அதுதான் நோட்டீஸ்ல போட்டிருக்கேக்கா," என்றேன்.

"அதைப் படிச்சுட்டேன். நீ சொல்லு."

"எல்லாம் அதுல இருக்கறதுதான். பஸ்ல இருக்கேன், சரியா கேக்கல," என்று வைத்துவிட்டேன். இதைப் பொய் என்று யாரும் சொல்லமுடியாது. அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டி, வாளி, சல்லடை எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். சும்மா வந்த மாதிரி வா என்றவளைப் பார்க்க இத்தனை சாமான்களோடு போகிறோமே என்று பாதி வழியில்தான் உறைத்தது. அச்சுப்படி நாலாக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து நான்கு தடவை பேனாவை எடுத்து எடுத்து வைத்திருந்தேன்.

அக்கா என்னை நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். நாள்காட்டியில் அவள் எழுதிவைத்திருந்ததைக் காட்டினாள். எந்தத் தேதியில் விதைத்தாள், எத்தனையாவது நாள் அடித்தாள், எத்தனை மணிக்கு, காற்று இருந்ததா, எத்தனை டேங்க். டேங்கை மூன்று தடவை கழுவியதையும் எழுதியிருந்தாள், பிரசுரத்தில் சொன்னபடி. எங்கள் பண்ணை நோட்டில்கூட இவ்வளவு சுத்தமான எழுத்து இல்லை. அப்புறம் அலமாரியிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்து, தண்ணீர் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்தக் கோடு வரைக்கும்தான் ஊத்தினேன். சரிதானே? இல்ல, கோட்டுக்குக் கீழ நிக்கணுமா? இதுல தப்பு இருந்தாத்தான் உண்டு. எனக்கு வேற ஒண்ணும் பிடிபடல."

"சரியாத்தான் இருக்குக்கா."

"நல்லாப் பார்த்துச் சொல்லு," என்றாள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் மாதிரி கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. சுவரில் என் கை செடியை ஏந்திக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு படாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தாள்.

வயலில் செடிகள் முழங்கால் உயரம் இருந்தன. இலை நல்ல பச்சை. எங்கள் பாத்திகளிலும் இப்படித்தான் தேறியிருந்தன. மூலையில், குழாயடிக்குப் பக்கத்தில் இரண்டு வரிசை மட்டும் கரும்பச்சையாக, காய் கனத்துச் சாய்ந்திருந்தது. கடைசி டேங்க் அங்கே வரும்போது தீர்ந்துபோனதாம். ரெண்டு வரிசைக்கு எதற்கு இன்னொரு டேங்க் என்று அதைக் கையால் களையெடுத்தாளாம்.

"அங்க குழாய் ஒழுகுது. அதான் செழிப்பு," என்றாள். அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

நான் மருந்து பட்ட இடத்தில் ஒரு செடியைத் தோண்டினேன். ஒரு சாண் தள்ளி, நான்கு பக்கமும் மண்வெட்டி இறக்கி, கட்டியோடு பெயர்த்து, ஊறவைத்துக் கழுவினேன். பதின்மூன்று முடிச்சுகள். வெட்டினேன். வெளிறிய பச்சை. மூலையிலிருந்து ஒன்று தோண்டினேன். முப்பத்துநாலு. வெட்டினால் விரலில் சிவப்பு ஒட்டியது. இரண்டையும் வரப்பில் அருகருகே வைத்தேன். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் வாழ்க்கையில் எத்தனையோ லட்சம் செடிகளைத் தொட்டவள், முடிச்சுக்குள் சிவப்பு இருக்கும் என்பதை இப்போதுதான் பார்க்கிறாள்.

"இதுக்கு என்னடா ஆச்சு?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சில மண்ணுல மருந்து வேற மாதிரி வேலை செய்யும்க்கா," என்று வந்தது.

"மண்ணா?" என்றாள். அவள் முகம் தெளிந்தது. "அப்ப நான் கலந்ததுல தப்பில்லையா?"

ஒரு பொய் சொன்னதற்கு இத்தனை நிம்மதியாக யாரும் என்னைப் பார்த்ததில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. மண்மேல் பழியைப் போட்டால் மண் வந்து சண்டைக்கு நிற்காது. அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அதற்குள் மாமா வந்துவிட்டார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வேனைக் கழுவிக்கொண்டிருப்பார். கையில் ஈரத் துணியோடு வரப்பில் நின்றபடி, "என்ன மச்சான், ஆபீஸையே தூக்கிட்டு வந்துட்டீங்க. உங்க அக்கா வெச்ச குழம்பைப் பார்த்தீங்களா? ஒரு மூடி மருந்தை அளக்கத் தெரியல. தம்பி எழுதின புஸ்தகம்னு சுவத்துல ஒட்டி வெச்சா போதுமா, படிச்சுச் செய்யவேண்டாமா," என்றார். கெட்ட மனுஷர் இல்லை. கேலியாகத்தான் சொன்னார். ஒரு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அக்கா சிரித்த விதத்தில் தெரிந்தது. பழகிப்போன சிரிப்பு.

"ஆமா, எனக்கு வரல," என்றாள். என்னைக் காட்டி எதுவும் பேசவில்லை. மண் காரணம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் துணியை உதறிவிட்டு வேன் பக்கம் போனதும், மெதுவாக, "அவர் சொல்றதும் சரியா இருக்கும்டா. கண்ணு முன்ன மாதிரி இல்ல. கோடு ரெண்டா தெரிஞ்சிருக்கும். நீ எனக்காக மண்ணுங்கற," என்றாள்.

அப்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. மருந்து பயிரைக் கெடுத்தது. நான் இவளுடைய கண்ணையே கெடுத்திருந்தேன்.

"அக்கா, உன் கண்ணுல ஒண்ணும் இல்ல. மண்ணும் இல்ல. நோட்டீஸ்ல இருக்கறது தப்பு."

"தப்புன்னா? அச்சுல போட்டிருக்கு."

"நான் எண்ணிக் குடுத்தது தப்பு. மருந்து அடிக்காத பாத்தியை நான் தோண்டல. பிடுங்கிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "பிடுங்கினா என்ன? செடிதானே?" என்றாள். வாழ்நாளெல்லாம் பிடுங்கியே பழகிய கை அவளுடையது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றி இழுத்ததில் வேர் அறுந்ததைச் சொன்னேன். கூட்டம், குழுப்படம், மூன்று மணி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு காது மட்டும் மிஞ்சியது.

அக்கா மூலைக்குப் போனாள். கரும்பச்சை வரிசையில் நல்ல செடியாகப் பார்த்தாள். "தண்ணி ஊத்தினேன்னு சொன்ன இல்ல?" என்று கேட்டுவிட்டு, என் வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு அடியில் ஊற்றினாள். அடித்தண்டைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டது. இரண்டு வருஷம் கழித்தும் அதே சத்தம்.

வேரை உதறித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வரப்பில் இருந்த முப்பத்துநாலு முடிச்சுச் செடியைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள். ஒரே வரிசையில் ஒரே நாளில் முளைத்த இரண்டு செடிகள். கையிலிருந்ததில் பாதிகூட இல்லை. அது மருந்து அடித்த செடிக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

"எத்தனை செடி இப்படி எடுத்த?"

"இருபது."

"தோண்டியிருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"ரெண்டு மணி நேரம்."

செடியைக் கீழே வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "நான் உன்னை போன்ல கேட்டேனே," என்றாள்.

"கேட்ட."

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சின்ன வயதில் நன்றாகத் திட்டுவாள், திட்டி முடித்தால் அதோடு போயிற்று. வேன் பக்கமிருந்து வாளியில் தண்ணீர் நிறையும் சத்தம் வந்தது. அக்கா ஒரு கையை ஊன்றி, வலிக்கிற முட்டியை முதலில் மடக்கி, அப்புறம் மற்றதை மடக்கி, பிடுங்கிய குழிக்கு முன்னால் உட்கார்ந்தாள். களையெடுக்க உட்காரும் அதே உட்காரல். இனிமேல் உட்காரமுடியாது என்றுதான் மருந்துக்குப் போனவள்.

"நான் எடுக்கறேன்க்கா," என்றேன்.

"நீ நில்லு."

விரல்களைக் குழிக்குள் விட்டு ஈரமண்ணை அள்ளினாள். உள்ளங்கையில் வைத்து நசுக்கி, உதிர்த்து, தேடினாள். நூல் மாதிரி அறுந்த வேர் ஒன்று வந்தது, அதன் நுனியில் மூன்று முடிச்சுகள். கிள்ளி எடுத்தாள். வைக்க இடம் தேடி, "பேப்பர் இருக்கா?" என்று கேட்டாள்.

என்னிடம் வேறு காகிதம் இல்லை. சட்டைப் பையிலிருந்து அச்சுப்படியை எடுத்து விரித்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி வரப்பில் பரப்பி, பறக்காமல் ஓரத்தில் ஒரு மண்கட்டியை வைத்தாள். என் கை மேலே பார்த்தபடி விரிந்தது, பாதி கறுத்த நகத்தோடு. அதை அவள் ஒரு கணம் பார்த்தாள். மூன்று முடிச்சுகளையும் அதன்மேல் வைத்துவிட்டு மறுபடியும் மண்ணுக்குள் விரலை விட்டாள்.

ஒவ்வொன்றாக வந்தது. சில சமயம் வெறும் மண்துளியை முடிச்சென்று எடுத்து, நசுக்கிப் பார்த்து, ஊதிவிட்டாள். சிலவற்றைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. கையெழுத்துக்காக விட்டிருந்த கோட்டின் மேல் ஈரமண் சொட்டிக் காகிதம் ஊறியது. துடைக்கப் போன என் கையை அவள் முழங்கையால் தள்ளினாள்.

பதினெட்டு வரை நான் எண்ணினேன். அவள் இன்னும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.